நான்கு கட்டம் மிச்சம்

பாடத்திட்டத்தைத் திருத்துவதற்கான கூட்டம் மூன்றாவது தடவையாகக் கூடியது. பிஸ்கட் தட்டு மேசையைச் சுற்றி ஒரு வட்டம் வருவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

சண்டை, வாரத்தில் மூன்று மணி நேரத்துக்காக. இளங்கலை இசைப் படிப்பில் ஒரு பழைய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுப் போனார். அவரோடு சேர்த்து அந்தப் பாடத்தையும் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். காலியான மூன்று மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே போகிற பிள்ளைக்கு என்னதான் தெரிந்திருக்க வேண்டும்? கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். பதில் சொல்ல உட்கார்ந்தவர்களைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இசை இலக்கணப் பேராசிரியருக்கு இசை வரலாறு வேண்டும். ஐந்நூறு வருட வரலாற்றில் அவர் வகுப்பு இன்னும் நூற்றைம்பதாவது வருடத்திலேயே நிற்கிறதாம், மிச்சம் முந்நூற்றைம்பது வருடமும் அந்தரத்தில் தொங்குகிறதாம். வாய்ப்பாட்டு ஆசிரியைக்கு மேடைப் பயம் போக்கும் வகுப்பு வேண்டும். பிள்ளைகளைத் தரையில் படுக்கவைத்து மூச்சை இழுத்து விடச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவுக்காரருக்குப் புது மென்பொருள் வேண்டும். அவருக்கு எப்போதுமே புது மென்பொருள் வேண்டும். துறைத்தலைவர் எல்லோரையும் பேசவிட்டு, கடைசியில் தன் ஆசையைச் சொன்னார். பிள்ளைகள் தங்களைத் தாங்களே விளம்பரப்படுத்திக்கொள்ளக் கற்க வேண்டுமாம். எப்படிப் படம் எடுத்துக்கொள்வது, எப்படிக் குனிந்து வணங்குவது, நிகழ்ச்சிக் குறிப்பில் தன்னைப் பற்றித் தானே எப்படிப் புகழ்ந்து எழுதிக்கொள்வது.

மேசையின் கடைசியில் பியானோம்மா உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஃப்ளூட்டோ வயலினோ ட்ரம்பெட்டோ, எந்தப் பிள்ளை தேர்வுக்கு வாசித்தாலும் பக்கவாத்தியமாகப் பியானோவில் உட்காருவது அவள்தான். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. ஆசிரியர் பட்டியலில் அவள் கிடையாது. அறைச் சாவிகளுக்கும் நாற்காலிகளுக்கும் பொறுப்பானவருக்கு ஒரு வரி மேலே அவளைப் போட்டிருந்தார்கள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே மேடம்," என்றார் தலைவர். "எல்லாப் பிள்ளைங்களோடயும் உக்காந்து வாசிக்கிறது நீங்க ஒருத்தர்தான். அதனாலதான் இந்தத் தடவை உங்களையும் கூப்பிட்டோம்."

சும்மா இருந்திருக்கலாம். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பியானோம்மாவுக்கு வாயை அடக்கிப் பழக்கம் குறைவு.

"அதுங்களுக்குச் சேர்ந்து வாசிக்கத் தெரியலை சார். பக்கத்துல ஒருத்தர் வாசிக்கிறது காதுலயே விழுறதில்லை. மூணு பேர், நாலு பேரா ஒரு அறையில விட்டுக் கதவைச் சாத்துங்க. ஆசிரியர் யாரும் உள்ள போக வேணாம். ஒருத்தர் வாசிக்கிறதை ஒருத்தர் கேட்டு அதுங்களே வாசிச்சு முடிக்கட்டும். மூணு மணி நேரத்தையும் அதுக்கே கொடுங்க."

அறையில் சிரிப்பு எழுந்தது. மரியாதையான சிரிப்புதான்.

"ஆசிரியரே இல்லாத பாடமா?" என்றார் இலக்கணப் பேராசிரியர். "அப்போ நாங்க எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. நல்லவேளையாகச் சொல்லவில்லை.

"சேர்ந்து வாசிக்கத் தெரியலைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் தலைவர். "போன வருஷம் தேர்வுல ஒரு பிள்ளைகூட எண்பதுக்குக் கீழ போகலை. எல்லாமே உங்களோட சேர்ந்து வாசிச்சதுதானே? பதிவு இருக்கு, வேணும்னா கேட்டுப் பார்ப்போம்."

ஒலிப்பதிவுக்காரருக்கு அதற்குள் கை பரபரத்துவிட்டது. மடிக்கணினியைத் திறந்து, போன வருட ட்ரம்பெட் பையன் ஒருவனின் தேர்வைப் போட்டுவிட்டார். அந்தப் பையனைப் பியானோம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வேர்த்து வழிந்துகொண்டு வந்தவன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு முழு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான். போனது அவனுக்கே தெரியாது. அவள் கண் அதைப் பார்ப்பதற்கு முன்னால் கை பார்த்துவிட்டது. அரை நொடியில் அவளும் அந்த வரியைத் தாண்டிக் குதித்து அவனோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். இப்போது அந்த இடம் வந்தது, போனது.

"இதோ, இங்கதான். கேட்டுச்சா?"

"என்ன?"

"ஒரு வரி காணோம்."

திரும்பப் போட்டார்கள். நான்கு பேரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். வாய்ப்பாட்டு ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அழகா இருக்கே," என்றார் தலைவர்.

"அழகா இருக்கிறதுதான் சார் பிரச்சினை. அவன் விட்டான், நான் குதிச்சேன். எல்லாப் பிள்ளையும் எங்கயாவது விடும், எல்லா இடத்துலயும் நான் குதிப்பேன். அதனாலதான் உங்களுக்குத் தெரியலை, அதுங்களுக்கும் தெரியலை."

"அதுக்குத்தானே மேடம் உங்களை வச்சிருக்கோம்," என்றார் தலைவர் கனிவாக. "உங்க திறமையை நீங்களே குறையாச் சொல்லாதீங்க."

அதற்கு மேல் என்ன பேசுவது? அவள் குற்றம் சொன்னாள், அவர் பாராட்டிவிட்டார். முடிவை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்துக் கூட்டம் கலைந்தது. படிக்கட்டில் இறங்கும்போது வாய்ப்பாட்டு ஆசிரியை அவள் தோளைத் தொட்டு, தினமும் பத்து நிமிடம் மூச்சை இழுத்து விட்டால் இந்த மாதிரி படபடப்பு வராது என்றாள். பியானோம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

வீட்டில் அவளுடைய அண்ணன் மகள் இருந்தாள். வீட்டுப் பெயர் குருவி. அண்ணனும் அண்ணியும் வேறு ஊரில் வேலையாக இருந்ததால், இசை படிக்க வந்த நாளிலிருந்து குருவிக்கு அத்தை வீடுதான். ஃப்ளூட் வாசிப்பாள். நன்றாகவே வாசிப்பாள், அதில் கலப்படம் இல்லை. அவள் மூச்சும் விரலும் யாருக்கும் சுலபத்தில் வராது. இது கடைசி வருடம். வெள்ளிக்கிழமை கச்சேரித் தேர்வு. அதைவிடப் பெரிய விஷயம் திங்கட்கிழமை இருந்தது. நாற்பது பேர் வாசிக்கும் ஒரு வாத்தியக் குழுவில் இரண்டு வாரச் சோதனை வேலை கிடைத்திருந்தது. பிடித்துப்போனால் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து குருவி தரையில் நடக்கவில்லை.

பியானோம்மா செருப்பைக் கழற்றுவதற்குள், "அத்தை, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாமா?" என்று குழலைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

தேர்வுக்கு மூன்று உருப்படிகள். இந்த மூன்றைத்தான் குருவி இரண்டு வருடமாக வாசிக்கிறாள். வேறு ஒரு தாளை நீட்டினால் பாம்பைப் பார்த்த மாதிரி பின்வாங்குவாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்.

மூன்றாவது உருப்படியில் மெதுவாகப் போகிற பாகம் வந்தது. குருவி கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகி வாசித்தாள். பியானோம்மாவுக்குக் கூட்டத்தின் கடுப்பு இன்னும் இறங்கவில்லை. என்ன தோன்றியதோ, இடது கையில் வாசிக்க வேண்டியதை விட்டுவிட்டு, அதே சுருதியில் வேறு பக்கத்தில் இருக்கும் எதையோ எட்டு கட்டத்துக்கு வாசித்தாள். கட்டம் என்பது இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்திருக்கிற தாள அளவு. எட்டு கட்டம் என்றால் சின்ன விஷயம் இல்லை. சோற்றில் கல் கிடந்தால் பல்லுக்குத் தெரிய வேண்டும்.

குருவி வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்தாள்.

"இன்னிக்கு ரொம்ப நல்லா வந்துச்சு, இல்ல அத்தை?"

பியானோம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பேச்சுக்கு அல்ல, உண்மையாகவே அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, உனக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கா? எட்டு கட்டம் நான் கண்டதை வாசிச்சேன். எட்டு! உனக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"நீங்க ஏன் அத்தை கண்டதை வாசிக்கிறீங்க?"

"கேக்குறியான்னு பார்க்கத்தான்!"

"நான் என் பாட்டைப் பார்ப்பேனா, உங்க பாட்டைக் கேட்டுட்டு இருப்பேனா? என் பகுதி எனக்கு முழுசா மனப்பாடம். போதாதா?"

"போதாது. அந்தப் பதினாலு கட்டம் உனக்குச் சும்மா வருதே, என்னிக்காவது எண்ணியிருக்கியா?"

அதே பாகத்தில் ஓரிடத்தில் ஃப்ளூட்டுக்குப் பதினான்கு கட்டம் காலி. பியானோ மட்டும் தனியாகப் போகும். ஃப்ளூட்காரர் எண்ணிக்கொண்டு காத்திருந்து பதினைந்தாவதில் நுழைய வேண்டும்.

"நான் ஏன் எண்ணணும்? நீங்கதான் மோவாயைத் தூக்குவீங்களே," என்றாள் குருவி. அதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

உண்மைதான். நுழைய வேண்டிய இடம் வந்தால் பியானோம்மாவின் மோவாய் தானாக ஒரு தடவை மேலே போய் வரும். இருபத்திரண்டு வருடமாக எல்லாப் பிள்ளைகளும் அந்த மோவாயைப் பார்த்துத்தான் நுழைந்தார்கள்.

"திங்கட்கிழமை அந்தக் குழுவுல யாரு உனக்கு மோவாயைத் தூக்குவாங்க? நாப்பது பேர்ல ஒருத்தராவது நீ விட்ட இடத்துக்குக் குதிச்சு வருவாங்களா? முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடி உன்னை. நாலு வருஷம் என்னத்தைப் படிச்சே?"

குருவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவளும் அதே குடும்பத்துப் பெண்தானே, வாய் சும்மா இருக்குமா?

"எனக்குத் தெரியாதது எனக்கெப்படித் தெரியும்? நான் தப்பு பண்ணின ஒவ்வொரு தடவையும் நீங்கதான் ஓடி வந்து சரி பண்ணிட்டீங்களே! ஒரு தடவையாவது என்னை விழ விட்டிருக்கீங்களா? நாலு வருஷம் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, இப்போ நடக்கத் தெரியலைன்னு திட்டுறீங்க."

சொல்லிவிட்டுக் குழலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பியானோம்மா பியானோவின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தலைவரைத் திட்டலாம், இலக்கணப் பேராசிரியரைத் திட்டலாம், அந்த மென்பொருள்காரரை எப்போது வேண்டுமானாலும் திட்டலாம். ஆனால் இந்தப் பெண் சொன்னது உண்மை. பிள்ளைகளுக்குக் காது இல்லாமல் போனதற்கு முதல் காரணம் யார் என்று பார்த்தால், அது அவளேதான். திறமை, திறமை என்று இத்தனை வருடம் உள்ளுக்குள் பெருமைப்பட்டதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குக் குருவி வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை நான் குதிக்க மாட்டேன். மோவாயும் அசையாது. தாள்ல இருக்கிறதை அப்படியே வாசிப்பேன். எண்ணிக் கத்துக்க, இன்னும் மூணு நாள் இருக்கு."

"தேர்வுலயா?" குருவியின் கை தட்டிலேயே நின்றது. "அத்தை, மார்க் போயிடும்!"

"இங்க விழுந்தா மார்க் போகும். அங்க விழுந்தா வேலை போகும். எது பரவாயில்லைன்னு நீயே சொல்லு."

குருவி சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். அத்தை கோபத்தில் பேசுகிறாள், வெள்ளிக்கிழமைக்குள் இறங்கிவிடுவாள் என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்த மூன்று நாளும் அறைக்குள்ளிருந்து அவள் பகுதி மட்டும் கேட்டது. காலிக் கட்டங்கள் வரும் இடத்தில் அவள் காத்திருக்கவே இல்லை. நேராக அடுத்த வரிக்குப் போய்விட்டாள். வெளியே காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த பியானோம்மா ஒவ்வொரு தடவையும் கத்தியைப் பலகையில் ஓங்கி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குத் தேர்வு. முதல் மாடியில் சின்ன அரங்கம். முன்வரிசையில் ஒரு மேசை போட்டுத் தலைவர், இலக்கணப் பேராசிரியர், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்று மூன்று பேர். அவர்களுக்கும் இசைத்தாளின் பிரதி கொடுத்திருந்தார்கள். அதன் மேல் தேநீர்க் கோப்பைகள் இருந்தன.

முதல் உருப்படி பிரமாதமாகப் போனது. இரண்டாவதும் அப்படியே. வெளித்தேர்வாளர் புருவத்தை உயர்த்தி எதையோ எழுதிக்கொண்டார். குருவியின் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. பியானோம்மாவுக்கு மனது ஆடிப்போனது. இவ்வளவு அழகாக வாசிக்கிற பெண்ணை ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை மோவாயைத் தூக்கிவிட்டால் என்ன? குருவியின் நன்மைக்காகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாலும், கூட்டத்தில் தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற வீம்பும் தனக்குள் இருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அது சரியில்லை என்றும் தெரிந்தது. ஆனால் திங்கட்கிழமை வரத்தான் போகிறது.

மூன்றாவது உருப்படி, மெதுவாகப் போகிற பாகம். காலிக் கட்டங்கள் தொடங்கின. பியானோ தனியாகப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. குருவி குழலை இறக்கிவிட்டு, பழக்கப்படி அத்தையின் முகத்தைப் பார்த்து நின்றாள். ஐந்து, ஆறு. பியானோம்மா கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. மோவாயைக் கழுத்தோடு அழுத்தி வைத்துக்கொண்டாள். எட்டாவதில் குருவியின் கால் இடம் மாறியது. ஒன்பது. நுழைய வேண்டிய இடம் போய்விட்டதோ, அத்தை பழி வாங்கிவிட்டாளோ என்ற பயம் அந்தப் பெண்ணின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பத்து முடிந்தது. பதினொன்றாவதில் குருவி நுழைந்துவிட்டாள்.

நான்கு கட்டம் முன்னால்.

பியானோம்மாவின் கை பாய்ந்தது. உண்மையில் பாய்ந்தே விட்டது. வலது கை சுண்டுவிரல் குருவியின் இடத்துக்குப் போய் ஒரு ஸ்வரத்தைத் தொட்டும்விட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா? அந்தக் கையை அவள் இழுத்துக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று தாளில் இருந்ததை, இருந்தபடி, இருந்த இடத்தில் வாசித்தாள்.

அதன்பின் தாளில் மிச்சமிருந்த இரண்டு பக்கமும் நாராசம். குருவி ஒரு பக்கம் போக, பியானோ நான்கு கட்டம் பின்னால் தன் வழியில் போனது. ஒன்றோடு ஒன்று மோதி, உரசி, எங்காவது தற்செயலாகச் சேர்ந்து மறுபடி பிய்ந்துகொண்டது. மேசையில் மூன்று தலைகளும் நிமிர்ந்தன. மூன்றும் பியானோவைப் பார்த்தன. குருவியை ஒருவரும் பார்க்கவில்லை. குருவி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எதுவும் காதில் விழாமல், மனப்பாடமாகத் தெரிந்ததைக் கடைசிவரை அழகாக வாசித்துக்கொண்டு போனாள். ஒரே ஒரு நொடி நின்று கேள் என்று பியானோம்மா மனதுக்குள் கெஞ்சினாள். கேட்டிருந்தால் அடுத்த கட்டத்திலேயே சரியாகியிருக்கும்.

குருவி வாசித்து முடித்தாள். கடைசி ஸ்வரத்தை நீட்டி இழுத்துக் கரைத்துவிட்டு, குழலை இறக்கி, கண்ணைத் திறந்து, சொல்லிக்கொடுத்த மாதிரி குனிந்து வணங்கினாள்.

பியானோ இன்னும் போய்க்கொண்டிருந்தது.

நான்கு கட்டம் மிச்சம் இருந்தது. பியானோம்மா அவசரப்படவில்லை. குருவி முடித்துவிட்ட பாட்டுக்கு, அந்த அமைதியில், ஒரு கட்டம், இரண்டு கட்டம் என்று தனியாகப் பக்கவாத்தியம் வாசித்தாள். வணங்கக் குனிந்த குருவி பாதியில் நின்றாள். மெதுவாகத் திரும்பினாள். மூன்றாவது கட்டத்தில் அவள் உதடு எண்ண ஆரம்பித்தது. நான்காவது முடிந்து கையை மடியில் வைத்தபோது பியானோம்மா நிமிர்ந்து பார்த்தாள். குருவியின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

மத்தியானம் முடிவு சொன்னார்கள். தலைவரின் அறையில் குருவியும் பியானோம்மாவும் நின்றார்கள். எண்பத்தாறு மதிப்பெண், முதல் வகுப்பு. தலைவர் குறிப்பை வாசித்தார்: "பக்கவாத்தியத்தில் ஏற்பட்ட தடுமாற்றத்தைப் பொருட்படுத்தாமல், மாணவி இறுதிவரை நிதானம் இழக்காமல் வாசித்தது பாராட்டுக்குரியது."

பியானோம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று தடுத்ததில் ஒன்றுமே வெளியே வரவில்லை.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா மேடம்?" என்றார் தலைவர். "இருபத்திரண்டு வருஷத்துல இப்படி நான் பார்த்ததே இல்லை. பரவாயில்லை, வயசுன்னு ஒண்ணு இருக்கு. அந்த மூணு மணி நேரத்தையும் முடிவு பண்ணிட்டோம். ஒலிப்பதிவுக்காரர் ஒரு மென்பொருள் சொல்றார். அதுவே பக்கவாத்தியம் வாசிக்குமாம். பிள்ளை எங்க போனாலும் பின்னாடியே வருமாம், தப்பே வராதாம். உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு."

"சார்," என்றாள் குருவி.

"சொல்லும்மா."

"தப்பு அத்தையோடது இல்லை. பதினாலு கட்டம் இருக்கணும், நான் பத்து முடிஞ்சதுமே உள்ள வந்துட்டேன். அத்தை தாள்ல இருக்கிறபடிதான் வாசிச்சாங்க."

பியானோம்மா திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள்.

தலைவர் எழுந்து வந்து குருவியின் தலையில் கை வைத்தார். "நல்ல பொண்ணு. சொந்த அத்தையை விட்டுக்கொடுக்க மனசு வரலை, புரியுது."

"இல்லை சார், நிஜமாவே நான்தான். பதிவு பண்ணியிருப்பாங்களே, போட்டுக் கேளுங்க. ஆரம்பத்துல இருந்து எண்ணிக் கேளுங்க."

"கேட்டோம்மா, மூணு பேரும் ரெண்டு தடவை கேட்டோம். நீ எங்கயும் நிக்கலை, தடுமாறலை. தடுமாறினது பியானோதான். போய்ட்டு வா, திங்கட்கிழமைக்கு வாழ்த்துகள்."

கதவைச் சாத்தியதும் குருவி நடைபாதையில் நின்று பெரிதாக மூச்சு வாங்கினாள். வாய்ப்பாட்டு ஆசிரியை சொல்லும் மூச்சு அல்ல. இது கோபம்.

"சொல்றேன், சொல்றேன், காதுலயே வாங்க மாட்டேங்கிறார் அத்தை! கையில பதிவை வச்சுக்கிட்டு, ரெண்டு தடவை கேட்டுட்டு, ஒண்ணும் தெரியலைங்கிறார்! எப்படி அத்தை இத்தனை நாள் பொறுத்துக்கிட்டீங்க?"

"பொறுத்துக்கலை. திட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்."

குருவி சிரிக்கவில்லை. "நான் முடிச்சப்புறம் நீங்க வாசிச்சுக்கிட்டே இருந்தீங்களே, அந்த நாலு கட்டம். அப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? கதவு பூட்டின வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மேல பயங்கரக் கோபமா இருக்கு. அதைச் சொல்லிடறேன்."

"இருக்கட்டும்," என்றாள் பியானோம்மா. "உனக்குச் செஞ்சது கொடுமைதான். எனக்கும் கை பாய்ஞ்சுடுச்சு, இழுத்துப் பிடிச்சேன்."

"அங்கயும் யாரும் குதிக்க மாட்டாங்க, இல்ல?"

"மாட்டாங்க."

பக்கத்திலேயே பயிற்சி அறை ஒன்று காலியாக இருந்தது. ஜன்னல் இல்லாத அறை, பியானோவின் ஒரு கால் குட்டை என்பதால் அடியில் அட்டை மடித்து வைத்திருந்தது. குருவி உள்ளே போய்க் குழலைப் பொருத்திக்கொள்ள, பியானோம்மா பியானோவில் உட்கார்ந்தாள். குருவி இசைத்தாளை எடுக்கவில்லை. நேராக அந்த மெதுவான பாகத்துக்கே போனாள். தன் வரியை வாசித்துவிட்டு, குழலை இறக்கி, இந்தத் தடவை அத்தைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

பியானோ தனியாகப் போனது. குருவியின் இடது கை விரல்கள் தொடையில் ஒவ்வொன்றாக மடங்கின. ஒரு கை முடிந்து மறுபடி கட்டைவிரலுக்கு வந்தது. பதினொன்றில் அவள் அசையவில்லை. பதினான்கும் முடிந்தது. பதினைந்தும் போய்விட்டது. பதினாறாவதில்தான் நுழைந்தாள்.

இரண்டு ஸ்வரம் வாசித்ததும் வாயிலிருந்து குழலை எடுத்தாள்.

"ஒண்ணு பிந்திட்டேன்."

அந்தத் தப்பைக் குருவியே கேட்டிருந்தாள். பழக்கத்தில் பியானோம்மாவின் கை நின்று, பெண் நிற்கும் இடத்துக்குத் திரும்பிப் போகப் பார்த்தது.

குருவி திரும்பிப் பார்க்காமலே குழலை உதட்டில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நிறுத்தாதீங்க அத்தை, நீங்க போய்க்கிட்டே இருங்க. நான் வந்து பிடிச்சுக்கிறேன்."